விலகிய நந்தி

வைத்தீசுவரன்கோயிலுக்கு மேற்கே வயல்களினூடே சிறிது தூரம் சென்றால் வரும் திருப்புன்கூரில், சிவலோகநாதர் சந்நிதிக்கு நேரே இராமல் ஒருபுறமாக ஒதுங்கியிருக்கிறது ஒரு பெரிய நந்தி. பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கோயில்தோறும் கொடுத்துவிட்டு, அவற்றின் நாதம் எழும் இடத்துக்குத் தாம் போகலாகாதென்று வாயிலிலேயே நின்ற ஆதனூர் நந்தனார் பொருட்டு அது விலகிற்று என்பர்.

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அச்சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவரை நந்தனாருக்கு ஆண்டையாக்கி, உழைப்பவனுடைய தரிசனத்தை நடவுக்கும் அறுப்புக்குமாகத் தள்ளிப்போடும் உலகத்தை அப்பாத்திரத்தில் அடக்கிவிட்டார். அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) அவர் பன்முறை போனார். இலக்கண வழுக்களைக் கண்டு பிள்ளையவர்கள் தயங்கினார்கள். ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம்மை மறந்து பாட, உள்ளே படுத்திருந்த பிள்ளையவர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கி, வெளியே வந்து பாயிரம் அளித்தார்கள். இதை அவர்களுடைய மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார்.

இலக்கணம் பக்திக்குப் பகையா என்று இதைக் கேட்டவுடன் வினவத் தோன்றும். பகையன்று. நந்தி ஈசனுக்குப் பகையா? அது அவனுடைய வாகனம், அவனையே நோக்கியிருப்பது. ஆயினும் பின்னால் நிற்பவனுடைய பார்வையை மறைக்கிறது. கல்வியும் அத்தகையதே. பிள்ளையவர்கள் தம் புலமையைத் துறந்துவிடவில்லை. திண்ணையிலிருந்து வந்த குரலுக்கு அது சற்றே இடம்விட்டது, அவ்வளவுதான். அந்த விலகலையே நான் இரசனை என்பேன், அதுவே தவமுமாகும்.

மாஞ்சி இராகத்தில் உள்ளே வரலாமா என்று நந்தனார் ஏங்கும் பாட்டைக் கச்சேரியில் கேட்டுக் கண் கலங்குகிறோம். ஆனால் அக்கேள்வி ஈசனை நோக்கியதன்று. அவன் தன் நந்தியை அன்றே விலக்கிவிட்டான். வாயிலை அடைத்து நின்றவர்கள் மனிதர்கள். சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் அவ்வாயிலைத் திறக்க 1947-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறக்கும். நெஞ்சுக்குள் படுத்திருக்கும் நந்தியை நாமேதான் நகர்த்த வேண்டும். அது நகராதவரை, நாம் சிந்தும் கண்ணீர் இராகத்துக்குச் சிந்தியதேயன்றி நந்தனாருக்குச் சிந்தியதாகாது.