மூன்றாவது போர்டில் உட்காருபவர்

ஓர் அணியின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்று சேப்பாக்கத்தில் எந்த கேலரியில் கேட்டாலும் ஒரே பெயர்தான் வரும். இந்திய செஸ் அணியைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான்: விஸ்வநாதன் ஆனந்த். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர், பிறகு ஐந்து முறை உலக சாம்பியன். இதில் வாதாட என்ன இருக்கிறது?

இருக்கிறது. செஸ் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் இந்தியா தன் முதல் அணிப் பதக்கத்தை 2014-இல், நார்வேயின் ட்ரோம்சோ நகரில் வாங்கியது. அந்த அணியில் ஆனந்த் இல்லை. இரண்டாவது பதக்கம் 2022-இல் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் வந்தது; அதிலும் அவர் ஆடவில்லை. 2024-இல் புடாபெஸ்டில் தங்கம் வந்தபோதும் இல்லை. அவர் முதல் போர்டில் ஆடிய 2006 துரின் ஒலிம்பியாடில், தரவரிசையில் இரண்டாம் இடத்தோடு உள்ளே போன இந்தியா முப்பதாவது இடத்துக்கு அருகில் போய் விழுந்தது. ஆனந்தின் பெருமையில் இதனால் ஒரு துளிகூடக் குறையாது. ஆனால் பெரிய ஆட்டக்காரர் வேறு, அணியின் பெரிய ஆட்டக்காரர் வேறு என்று சந்தேகப்பட இது போதும்.

சந்தேகத்தைத் தீர்க்க, ஒலிம்பியாட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஓர் அணியில் ஐந்து பேர்; ஒரு சுற்றில் நான்கு பேர் ஆடுவார்கள், ஒருவர் ஓய்வில் இருப்பார். யார் முதல் போர்டு, யார் இரண்டாவது என்ற வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. ஒருவரை உட்கார வைத்தால் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே நகர்வார்கள், அவ்வளவுதான். ஓர் அணிக்கு ஒன்றாவது, மூன்றாவது போர்டுகளில் வெள்ளைக் காய் என்றால் மற்ற இரண்டிலும் கறுப்பு. நான்கு ஆட்டங்களையும் கூட்டி இரண்டரைப் புள்ளி வந்தால் அந்தச் சுற்று உங்களுடையது. இரண்டரையில் ஜெயித்தாலும் நான்குக்கு நான்கு எடுத்தாலும் அணிக்குக் கிடைப்பது அதே இரண்டு புள்ளி. சமன் என்றால் ஒன்று.

இந்தக் கடைசி விதி 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் மொத்தமாகக் கூட்டி இடம் கொடுத்தார்கள். அப்போது பலவீனமான நாட்டை நான்குக்குப் பூஜ்யம் என்று அடித்து நொறுக்குவது லாபம். இப்போது அது பெரும்பாலும் அலங்காரம். இப்போதைய கணக்கில் விலை உயர்ந்தது அரைப் புள்ளிதான். பக்கத்து மேஜையில் நண்பன் ஜெயிக்கப் போகிறான் என்று தெரிந்தால், தன் வெற்றி ஆசையை அடக்கி டிரா செய்துவிட்டு எழுந்திருக்கத் தெரிய வேண்டும். நண்பன் தோற்கிறான் என்றால், டிராவாகிவிட்ட நிலையிலும் எதையாவது கிளறிப் பார்க்க வேண்டும். உலக சாம்பியன் பட்டத்துக்குத் தனியாக ஆடுபவருக்கு இந்தக் கவலை கிடையாது.

மாமல்லபுரத்துப் போட்டியே ஓர் எதிர்பாராத வரவு. ரஷ்யாவில் நடக்க இருந்த 44-ஆவது ஒலிம்பியாட் அது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்ததும் அங்கிருந்து பறிக்கப்பட்டு, மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. சுமார் நான்கு மாத அவகாசத்தில் பூஞ்சேரியில் ஒரு விடுதி வளாகத்தில் அரங்கம் எழுந்தது. வேட்டி கட்டிய குதிரைத் தலைத் ‘தம்பி’ சாலையோரமெங்கும் கைகூப்பி நின்றான். சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகள். பல்லவச் சிற்பம் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பழகிய ஊர், ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை மங்கோலியா, ஜாம்பியா என்று ஆட்டக்காரர்களின் நாடுகளை விசாரித்துக்கொண்டிருந்தது.

போட்டியை நடத்தும் நாடு கூடுதல் அணிகளை இறக்கலாம். இந்தியா பொதுப் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் மூன்று மூன்று அணிகளை இறக்கியது. ஹரிகிருஷ்ணா, விதித் குஜராத்தி, அர்ஜுன் எரிகைசி, எஸ்.எல். நாராயணன், கிருஷ்ணன் சசிகிரண் என்று அனுபவம் கனத்த முதல் அணி, தரவரிசையில் அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவது. பையன்கள் அணி என்று எல்லோரும் செல்லமாக அழைத்த இரண்டாவது அணி பதினோராவது: குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சாத்வானி. அதிபனைத் தவிர மற்ற நால்வருக்கும் பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் வயது. பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். ட்ரோம்சோவில் முதல் பதக்கம் வாங்கிய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளராக இருந்தார் என்பதைச் செய்தித்தாள்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். ஐந்தாவது சுற்றில் ஸ்பெயினின் ஷிரோவ், எட்டாவதில் அமெரிக்காவின் கருவானா. முதல் நிலை அணியான அமெரிக்காவைப் பையன்கள் மூன்றுக்கு ஒன்று என்று வீழ்த்திய அந்தச் சுற்றில் டொமிங்கெஸை ரவுனக் சாய்த்தார். நிஹாலும் பிரக்ஞானந்தாவும் பெரிய பெயர்களுக்கு எதிராக டிரா எடுத்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு சுற்றுக்கு முன் ஆர்மீனியாவிடம் ஒன்றரைக்கு இரண்டரை என்று அணி தோற்றதே, அன்றும் குகேஷ் ஜெயித்திருந்தார். முதல் போர்டுக்காரர் எவ்வளவு ஆடினாலும் அவரால் தர முடிந்தது ஒரு புள்ளிதான்.

பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான். அப்துசத்தாரோவ் என்ற இன்னொரு பதின்வயதுப் பையன் எதிரில். குகேஷ் நல்ல நிலையில் இருந்தார், வெற்றிக்கே வாய்ப்பிருந்த நிலை. நேரம் குறைய, நிலை நழுவியது. டிராவில் நிறுத்தாமல் மேலும் முயன்று, தோற்றார். மூன்றாவது போர்டில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை ஜெயித்துவிட்டார். மற்ற இரண்டும் டிரா. ஆக இரண்டுக்கு இரண்டு. கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி, இந்தியாவின் இரண்டாவது அணி 18. உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம்.

இங்கே ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். அன்று குகேஷ் அரைப் புள்ளி எடுத்திருந்தால் சுற்று நமக்கு. நம் கணக்கு 19, உஸ்பெகிஸ்தான் 18. மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் தங்கத்துக்கு நாமும் ஆர்மீனியாவும் சமன்முறிப்புக் கணக்கில் மோதியிருப்போம். பதினோரு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்து முதல் போர்டின் தனிநபர் தங்கத்தை வாங்கிய பையனைப் பார்த்து இதைச் சொல்வது கொடுமைதான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அணி ஆட்டத்தில் அரைப் புள்ளியின் எடை என்ன என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த அணியில் நிஹால் பத்து ஆட்டத்தில் ஏழரை எடுத்து இரண்டாவது போர்டில் தங்கம் வாங்கினார் என்பதையும், பிரக்ஞானந்தா மூன்றாவதில் வெண்கலம் வாங்கினார் என்பதையும் நாம் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கீழ்ப் போர்டுகளின் கதை நம்மிடம் பழையது. ஒலிம்பியாடில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் போபாலைச் சேர்ந்த மொகமது ரஃபீக் கான். தொழில் தச்சு வேலை. 1980-இல் மால்டாவின் வலேட்டாவில் மூன்றாவது போர்டில் உட்கார்ந்து பதின்மூன்று ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்து வெள்ளி கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர் என்று ஒருவர்கூடக் கிடையாது. நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர், 1961-இல் அந்தப் பட்டம் வாங்கிய மானுவேல் ஆரோன். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் போர்டிஷையும் உல்மனையும் வீழ்த்தியவர் அவர். 1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். பெண்கள் அணிக்கு 2000, 2002 ஒலிம்பியாட்களில் தனிநபர் வெள்ளிகளை வாங்கித் தந்த எஸ். விஜயலட்சுமியும் சென்னைக்காரர்தான். இவர்களின் பெயர்களை வைத்து யாரும் சண்டை போடுவதில்லை. போட வேண்டும்.

ட்ரோம்சோ அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பரிமார்ஜன் நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு. ஆனந்தும் இல்லை, ஹரிகிருஷ்ணாவும் இல்லை. யாரும் பொருட்படுத்தாத இந்த அணி வெண்கலம் வாங்கியது. மூன்றாவது போர்டில் சசிகிரணுக்குத் தனி வெள்ளி. அவசரமில்லாமல், கறுப்புக் காயிலும் தோற்காமல், எதிரியின் பொறுமையைக் கரைத்து ஜெயிக்கும் ஆட்டம் அவருடையது. தனிப் போட்டிகளில் அது சிலநேரம் சலிப்பூட்டும். அணிக்கு அதுவே பொக்கிஷம்.

இதைப் புரிந்துகொண்டு வரிசை எழுதினார்கள் புடாபெஸ்டில். 2024 செப்டம்பரில் இந்திய அணியில் ரேட்டிங்கில் முதலிடம் அர்ஜுன் எரிகைசிக்கு. வழக்கப்படி அவர் முதல் போர்டில் உட்கார வேண்டும். அணித் தலைவர் ஸ்ரீநாத் நாராயணன் அவரை மூன்றாவதில் உட்கார வைத்தார். முதலில் குகேஷ், இரண்டாவதில் பிரக்ஞானந்தா. மாமல்லபுரத்தில் முதல் அணியின் மூன்றாவது போர்டில் அர்ஜுன் வெள்ளி வாங்கியிருந்தது ஸ்ரீநாத்துக்கு மறந்திருக்காது. மூன்றாவது போர்டில் எதிரே வருபவர்கள் கொஞ்சம் எளியவர்கள். சமநிலையில் ஓயாமல் சிக்கல் உண்டாக்கும் அர்ஜுனின் குணத்துக்கு அது விருந்து. பதினோரு ஆட்டத்தில் பத்து புள்ளி. மேலே குகேஷ் பத்தில் ஒன்பது, செயல்திறன் ரேட்டிங் 3056. இருவருக்கும் தனிநபர் தங்கம். இந்தியா இழந்தது 22-இல் ஒரே ஒரு புள்ளி, அதுவும் உஸ்பெகிஸ்தானோடு சமன் செய்ததில். ரேட்டிங்கில் மூத்தவர் கீழே உட்காரச் சம்மதித்ததுதான் அந்தத் தங்கத்தின் முதல் நகர்வு என்று நான் நினைக்கிறேன்.

பெண்கள் அணியில் எனக்குக் குழப்பமே இல்லை. கோனேரு ஹம்பி பெரியவர். 2002-இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர். ஆனால் அணியின் பெரியவர் என்றால் துரோணவல்லி ஹரிகா. 2004-இல் ஒலிம்பியாட் ஆடத் தொடங்கியவர், மாமல்லபுரத்துக்கு வந்தபோது நிறைமாதக் கர்ப்பிணி; அதே மாதம் குழந்தை பிறந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் தனியாக முன்னிலையில் இருந்த அந்த அணி, அமெரிக்காவிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்று வெண்கலத்தோடு நின்றது. பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. வைஷாலிக்கும் தானியா சச்தேவுக்கும் தனிநபர் வெண்கலம். இரண்டு ஆண்டு கழித்து புடாபெஸ்டில் தங்கம் வந்தபோது ஹரிகா முதல் போர்டில் இருந்தார். திவ்யா தேஷ்முக்கும் வந்திகா அகர்வாலும் மூன்றாவது, நான்காவது போர்டுகளில் தனிநபர் தங்கம் அள்ளினார்கள். மறுபடி கீழ்ப் போர்டுகள்.

ஆனந்தை எங்கே வைப்பது? 2020-இல் அவர் தொடங்கிய அகாடமியின் முதல் மாணவர்களில் குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால், ரவுனக், வைஷாலி ஐவரும் இருந்தார்கள். பூஞ்சேரியில் வெண்கலம் வாங்கிய பையன்கள் நால்வரும் அதில் அடக்கம். அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 7 அன்று, ஆனந்த் உலக செஸ் கூட்டமைப்பின் துணைத் தலைவரானார். ஆரோனின் கிளப்பில் கற்றவர், தன் பங்குக்கு ஒரு தலைமுறையை உட்கார வைத்தார். என் அணியில் அவருக்குப் போர்டு கிடையாது. பயிற்சியாளர் நாற்காலியை ரமேஷோடு அவர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் என் ஐவர்: முதல் போர்டில் குகேஷ், ஆர்மீனியாவிடம் அணி தோற்ற அன்றும் ஜெயித்ததற்காகவும் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகத் தோற்றதை இரண்டே ஆண்டில் 3056 ஆக மாற்றியதற்காகவும். இரண்டாவதில் நிஹால். மூன்றாவதில் அர்ஜுன், அங்கே வேறு யாரையும் வைக்க முடியாது. நான்காவதில் சசிகிரண். ஐந்தாவது இடத்துக்கு, 2000-இல் முதல் ஒலிம்பியாட் ஆடி 2024-இல் தங்கம் வாங்கும் வரை இருந்த ஹரிகிருஷ்ணாவையும் ரஃபீக் கானையும் மாற்றி மாற்றி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு தச்சர் பக்கம்தான் சாய்கிறேன்.