சிவப்புக் குறி யாருக்கு?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் உறவினர் வீடுகளுக்குக் கிராமத்திலிருந்து போகும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறேன். உடல் பருத்த பிள்ளையைக் 'குண்டன்' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். கேட்டால், "அவன் திருந்தத்தானே சேர்" என்கிறார்கள். கேலி மருந்தாகுமா?

பசியில்லாமலே நிறுத்த முடியாதபடி உண்பது, ஒளித்து உண்பது, பிறகு தன்னையே வெறுப்பது: இது அடிக்கடி நேர்ந்தால் அதை நோய் என்றே மருத்துவம் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. பருமனுக்காகக் கேலிக்குள்ளாகும் பிள்ளைகளிடம் இப்பழக்கம் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வெட்கப்படுத்தினால் பிள்ளை உண்பதைக் குறைப்பதில்லை, மறைக்கவே பழகுகிறது.

2016இல் இலங்கையில் மென்பானங்களுக்கு நிறக்குறி கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று அப்போது வகுத்தார்கள். சட்டம் குறியைப் போத்தலில் ஒட்டியது. நாமோ அதே போத்தலை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையின் மேல் ஒட்டுகிறோம்.

அளவோடு உண்ணும்படியான நபிமொழியைப் பிள்ளைக்குச் சொல்கிறோம். பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத் வசனத்தை யாருக்குச் சொல்வது?

எடையைக் கவனிக்கத்தான் வேண்டும். சிறுவயதிலேயே நீரிழிவு வரலாம். வைத்தியரிடம் கூட்டிப்போவோம். அவனுக்கு மட்டும் தனிக்கோப்பை வைக்காமல், வீட்டார் அனைவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவோம். சஹனைச் சுற்றி உட்கார்ந்து பழகிய நமக்கு இது கஷ்டமா? அங்கே அடுத்தவர் எடுக்கும் பிடியை எவரும் எண்ணுவதில்லையே.