இடுப்பளவுக் கடல்

எங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் வயதானவர்கள் வெளியூர் கிளம்பினால் அது காசி, ராமேஸ்வரம், திருப்பதி என்றுதான் இருக்க வேண்டும். கோயில் என்றால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் டிக்கெட் எடுத்துத் தருவார்கள். அந்தமானுக்குப் போகிறோம், கடலில் முகத்தை அமிழ்த்திப் பவளப்பாறையும் மீனும் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் வீடே திரண்டு எதிரில் உட்கார்ந்துவிடும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"

என் அக்காவிடம் அவள் மகன் இதைத்தான் கேட்டான். அக்கா சொன்ன பதில் எனக்கு மறக்காது. "காசியில படித்துறை வழுக்கி விழுந்தா புண்ணியம், கடல்ல கால் வச்சா மட்டும் திமிராடா?"

அவள் கேட்டது சரி. புண்ணியம் என்ற காரணம் இருந்தால் மட்டுமே முதியவர்களின் ஆசைக்கு நம் வீடுகளில் அனுமதி. வெறும் ஆசைக்காக, பார்க்க வேண்டும் என்பதற்காக ஒருவர் அறுபத்தைந்து வயதுக்கு மேல் கிளம்பலாமா? கிளம்பலாம் என்பது என் முடிவு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மகனின் பயத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு இந்த முடிவுக்கு வரவில்லை. அந்தப் பயத்தில் பாதி நியாயமானது.

ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் நீரில் இறப்பதற்கு முதல் காரணம், இப்படி முகத்தை அமிழ்த்திக் குழாய் வழியாக மூச்சு விட்டு மிதக்கும் ஸ்நார்க்கலிங். இறந்தவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். பலரும் கையைக் காலை அடித்துக்கொண்டு கத்தவில்லை. குப்புற மிதந்தபடியே சத்தமில்லாமல் அடங்கிப்போனார்கள். அங்கு நடந்த ஆய்வு ஒன்று ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டியது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலே நீரின் அழுத்தம் கால்களில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதோடு குறுகலான குழாய் வழியாக மூச்சைப் பலமாக இழுத்தால் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளலாம். முதலில் தெரிவது மூச்சிரைப்பு, பிறகு கைகால் தளர்ச்சி. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே, "எனக்குக் கிணத்துல குதிச்சு நீந்தத் தெரியும்" என்பது போதாது. கிணற்று நீச்சல் தலையை வெளியே வைத்துக்கொண்டு நீந்துவது. ஸ்நார்க்கலிங் முகத்தைக் கீழே வைத்து, வாயால் மட்டும், அவசரமில்லாமல் மூச்சு விடுவது. அறுபது வயதில் புதிதாகக் கற்க வேண்டிய வித்தை.

அதைக் கடலில் போய்க் கற்கக் கூடாது. எங்கள் பக்கத்து வயலின் பம்புசெட் தொட்டியில் நாங்கள் தொடங்கினோம். அங்கேதான் பல விஷயங்கள் புரிந்தன. அக்கா வீட்டு மாமாவுக்கு அடர்ந்த மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டாமல் மூக்கடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. வாசலின் தடவிப் பார்த்தார், பாதிதான் நின்றது. கடைசியில் மேல்வரிசையை விரலகலம் கத்தரித்தார். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பல்செட். குழாயின் வாய்ப்பகுதியைக் கடித்ததுமே அது ஆடியது. பல் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு என்று முடிவானது. நீந்தவே தெரியாத அக்கா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, சொன்னதை அப்படியே செய்து, எல்லோரையும்விட அமைதியாக மூச்சு விட்டாள். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். மூச்சு முட்டும்போது அதை ஒரே இழுப்பில் கழற்ற வராது.

இடம் எது? படகிலிருந்து ஆழத்தில் குதிக்கும் திட்டங்களை விட்டுவிட்டோம். கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டும், வேண்டியபோது காலூன்றி நிற்க வேண்டும். அந்தமானில் இதற்குத் தோதானது நீல் தீவின் பரத்பூர் கடற்கரை. 2018 முதல் அந்தத் தீவுக்கு ஷஹீத் தீவு என்று பெயர். தண்ணீர் ஆழம் குறைவு, அலையும் குறைவு, படகுத்துறையும் பக்கத்திலேயே. ஆனால் வற்றத்தில் தண்ணீர் தூரம் விலகிப் பாறை வெளியே தெரியும். ஏற்றம் இருக்கும் நேரத்தில்தான் இறங்க முடியும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. லீவு நாளைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. காலையில் ஏற்றம் வரும் நாட்களாகப் பார்த்துக் குறிக்கலாம். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் காலைதான் நல்லது.

பாக்கேஜ் டூரில் காலையில் ஒரு தீவு, மதியம் ஒரு தீவு என்று ஓட்டுவார்கள். முதியவர்கள் அதில் சேரக் கூடாது என்றே சொல்வேன். விமானத்திலிருந்து இறங்கிய அன்று ஓய்வு, மறுநாள் கடலைப் பார்ப்பது மட்டும், அதன் பிறகே தண்ணீர். ஒருவரோடு ஒருவர் ஜோடியாக, கைக்கெட்டும் தூரத்தில். வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் அந்தமானில் ஏராளம். மூச்சு இரைத்தால் எழுந்து நின்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும், அன்றைக்கு அத்தோடு சரி. நீல் தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சைக்குக் கப்பலேறி ஸ்ரீ விஜய புரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். இதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

ஸ்ரீ விஜய புரம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களின் முகம் மலரும். போர்ட் பிளேருக்கு 2024இல் வைத்த பெயர் அது. எங்கள் ஊரைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன் 1025இல் அனுப்பிய கடற்படை வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கும் இடங்களில் ஸ்ரீவிஜயமும் கடாரமும் மாநக்கவாரமும் உண்டு. மாநக்கவாரம் இன்றைய நிகோபார். அங்கே சுற்றுலாவாக நினைத்தபடி போய்விட முடியாது. அந்தக் கடற்பயணத்தின் ஆயிரமாவது ஆண்டை 2025 ஆடித் திருவாதிரையில் இங்கே பெரிதாகக் கொண்டாடினோம். அந்தப் பந்தலில் கைதட்டிய பிள்ளைகள்தான் தாயும் தகப்பனும் இடுப்பளவுக் கடலில் இறங்கக் கூடாது என்கிறார்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் நமக்கு அந்நியமில்லை. எங்கள் அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கின்றன; ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழமை. சற்றுத் தள்ளிக் கல்லக்குடியில் அதைவிடப் பழைய பவளப்பாறையே கல்லாகி நிற்கிறது. சிமெண்ட் ஆலைகள் இந்தக் கல்லைத்தான் வெட்டுகின்றன. எங்கள் வீட்டுச் சுவரில் கூட அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். ஆயுள் முழுக்கச் செத்த கடலின் மேல் நடந்தவர்கள் உயிரோடிருக்கும் கடலை ஒருமுறை பார்க்க ஆசைப்படுவதில் என்ன தவறு? உயிரோடிருக்கும் பாறைக்கும் நாள் எண்ணப்பட்டு வருகிறது. 2010 கோடையில் கடல்நீர் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதன் பிறகும் இது நடந்திருக்கிறது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பாறைக்கும் பொருந்தாது, நமக்கும் பொருந்தாது.

போனால் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்; நிற்பதற்கு மணல் திட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா கடலுக்குப் போக வேண்டும் என்றால் "எதுக்கு" என்று கேட்காதீர்கள். இதய டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ஈசிஜி, எக்கோ எடுங்கள், அவர் வேண்டாம் என்றால் அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகில் இடம் பிடித்துக் கொடுங்கள். சரி என்றால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து டிக்கெட்டைப் போடுங்கள்.