எந்த எடையில் மோதினீர்கள்?

நல்ல ரசிகன் எதிரணியை வெறுத்துத்தான் ஆகவேண்டும் என்பது பல விளையாட்டுகளில் எழுதாத சட்டம். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அது ஏன் செல்லுபடியாகவில்லை என்பதை நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ரசிகர்கள் ஒன்றும் சாதுக்கள் இல்லை. அயோவா சிட்டியின் கார்வர்-ஹாக்கை அரங்கில் 14,000 பேர் சேர்ந்து நடுவரை ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். வெளியூர்ப் பையன் கொஞ்சம் பின்வாங்கினால் போதும், ‘ஸ்டாலிங்’ என்று கூரை அதிரும். மோதாமல் நேரத்தைக் கடத்துகிறான் என்று அர்த்தம். தங்கள் பையன் அதையே செய்யும்போது அது வியூகமாகிவிடும். அந்த அளவுக்கு அவர்களும் மனிதர்கள்தான்.

ஆனாலும் மார்ச் மாதம் தேசியப் போட்டி வந்துவிட்டால் வேறொன்றைப் பார்க்கலாம். மூன்று நாள், ஆறு அமர்வு. பத்து எடைப் பிரிவுகள், பிரிவுக்கு 33 பேராக மொத்தம் 330 மல்லர்கள். ஏதோ ஒரு பெருநகர அரங்கில் எல்லாக் கல்லூரிகளின் ரசிகர்களும் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கிறார்கள். அயோவாவின் கறுப்பும் மஞ்சளும், ஓக்லஹோமா ஸ்டேட்டின் ஆரஞ்சு, பென் ஸ்டேட்டின் நீலம் எல்லாம் காப்பி வரிசையில் கலந்து நிற்கும். முன்பின் தெரியாதவர்கள் பேச்சைத் தொடங்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நீங்கள் எந்த எடையில் மோதினீர்கள்?”

மோதினீர்களா என்று கேட்பதில்லை. மோதியிருப்பீர்கள் என்பது தீர்மானம். பாதிப் பேருக்குக் காதே சாட்சி சொல்லிவிடும். விரிப்பிலும் எதிராளியின் தலையிலும் உரசி உரசி மடல் தடித்துப்போன காலிஃபிளவர் காது. பள்ளியில் இரண்டு வருடம் மோதிவிட்டு ஒரு பதக்கமும் வாங்காதவர்கூட அறுபது வயதில் தன் எடையைப் பவுண்டு பிசகாமல் சொல்வார். நான் எந்த எடையிலும் மோதியவன் இல்லை. வேலை நிமித்தம் அயோவாவில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அதைச் சொன்னதும் கேட்டவர் ஒரு கணம் திகைப்பார். பிறகு அவருக்குள்ளிருந்து ஒரு வாத்தியார் புறப்பட்டு வருவார். அப்படி எனக்குப் பாடம் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நான் ஆதரித்த அணிக்கு எதிரிகள்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பார்க்கிறவர் கீழே கிடந்து பழகியவர். எடை குறைக்கப் பட்டினி கிடந்தவர். பனிக்கால விடியலில் ரப்பர் உடைக்குள் வியர்க்க வியர்க்க ஓடியவர். ஊரே பார்க்க, மேலே ஒருவன் அழுத்த, தோள் இரண்டும் விரிப்பில் படத் தோற்றவர். குழு ஆட்டத்தில் தோல்வியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதில் அதற்கு வழியில்லை. ஏழு நிமிடம், ஓர் ஆள், மறைந்துகொள்ள இடமில்லை. நீல உடைக்காரன் தோற்று எழுந்து எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு, அவனுடைய பயிற்சியாளர்களிடமும் போய்க் கைகொடுக்கிறானே, அந்த நடையின் நீளம் மஞ்சள் சட்டைக்காரருக்கும் தெரியும். அவரும் நடந்தவர்.

எதிரணியிடம் நல்லெண்ணம் காட்ட நம் பற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெற்றி தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று குழந்தைகளுக்குச் சொல்வது அந்த நினைப்பில்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் பார்த்தவரை, வெற்றியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் எதிராளியையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களிடம் இருப்பது மரியாதை அல்ல, அக்கறையின்மை. மல்யுத்த ரசிகரின் மரியாதை, வென்றே தீரவேண்டும் என்ற வெறியிலிருந்தே முளைக்கிறது.

இந்த மரியாதைக்கு அவர்கள் விலை கொடுத்த நாள் ஒன்று உண்டு. 2011, ஃபிலடெல்ஃபியா. 125 பவுண்டு இறுதிப் போட்டி. முந்தைய ஆண்டின் சாம்பியன், அயோவாவின் மேட் மெக்டனோ ஒரு பக்கம். எதிரே அரிசோனா ஸ்டேட்டின் ஆந்தனி ரோபிள்ஸ்; பிறக்கும்போதே வலது கால் இல்லாதவர். ஊன்றுகோல்களை ஓரமாக வைத்துவிட்டு விரிப்புக்கு வந்தார், 7-1 என்று வென்றார், அரங்கம் எழுந்து நின்றது. அவர் வெற்றியில் இரக்கத்துக்கு வேலையே இல்லை. அந்தப் பருவம் முழுக்க ஒருமுறைகூடத் தோற்காதவர். அவருடைய பிடி எத்தகையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கால் இல்லாததால் அதே எடையில் மேலுடம்புக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது, இது நியாயமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அந்த முணுமுணுப்பையும் மரியாதைக் கணக்கில்தான் சேர்ப்பேன். பரிதாபத்துக்குரியவனைப் பற்றி யாரும் அப்படிப் புகார் சொல்வதில்லை. அயோவாக்காரர்களில் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று எண்ணியவர் இல்லை. எழுந்த ஒவ்வொருவருக்கும் கைதட்டும்போது வலித்திருக்கும். மெக்டனோ அடுத்த ஆண்டே பட்டத்தைத் திரும்ப வென்றார்.

ஸ்டான்ஃபோர்டின் ஷேன் கிரிஃபித்துக்குக் கிடைத்த ஆதரவு இதைவிடப் பிரபலமானது. ஆனால் அது கொஞ்சம் மலிவானதும்கூட. 2020இல் அந்தப் பல்கலைக்கழகம் பதினொரு விளையாட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தது. மல்யுத்தம் அதில் ஒன்று. மறு மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் கிரிஃபித் கல்லூரியின் பெயரோ சின்னமோ இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கி 165 பவுண்டு பட்டத்தை வென்றார். போட்டியின் மிகச் சிறந்த மல்லர் விருதும் அவருக்குத்தான். எந்தக் கல்லூரி ரசிகர் என்ற பேதமில்லாமல் அவர் பக்கம் நின்றார்கள். அந்த மே மாதம் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த வருடக் கோப்பை அயோவாவுக்குப் போனது. கோப்பை கையில் இருக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கைதட்டுவதில் என்ன கஷ்டம்?

அந்த ஆதரவில் பயமும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் முதல் நிலைப் பிரிவில் 140க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் மல்யுத்த அணி இருந்தது. இன்று 80க்கும் குறைவு. இன்றைக்கு அவன் அணி மூடினால் நாளைக்கு என் அணி மூடும். எதிரி இல்லாமல் யாரோடு மோதுவது? 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு 2020 முதல் மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தபோதும் இதுதான் நடந்தது. அந்த மே மாதம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே விரிப்புப் போட்டு அமெரிக்க, ஈரானிய, ரஷ்ய மல்லர்கள் மோதிக் காட்டினார்கள். அமெரிக்க, ஈரானிய அரசாங்கங்கள் முகம்கொடுத்துப் பேசாத காலம் அது. செப்டம்பரில் மல்யுத்தம் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. ஆபத்து வந்தால் பங்காளிகள் கூடிவிடுவார்கள், சரி. அதை நல்லெண்ணத்தில் சேர்ப்பதா, தற்காப்பில் சேர்ப்பதா? நான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்துக் கல்லூரி பிழைத்திருந்தால்தான் நமக்கும் வாழ்வு என்று புரிந்துகொள்வதும் ஒரு பண்பாடுதான்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இப்போது வீரர்களுக்குப் பணம் வருகிறது. ஓர் ஆண்டு இந்தக் கல்லூரி, மறு ஆண்டு அந்தக் கல்லூரி என்று மாறுவதும் எளிதாகிவிட்டது. 2011 முதல் 2025 வரை 12 அணிக் கோப்பைகள் பென் ஸ்டேட்டுக்கே போயிருக்கின்றன. அந்த அணியைக் கட்டிய கேல் சாண்டர்சன் அயோவா ஸ்டேட் என்ற இன்னொரு கல்லூரியில் மோதி வளர்ந்தவர்; கல்லூரி நாட்களில் 159 மோதல்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர்; தாய்க் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2009இல் கிளம்பிப்போனார். அவர் பெயரைச் சொன்னால் அயோவா ஸ்டேட்காரர் ஒருவர் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு, அந்த மனிதர் மாதிரி ஒற்றைக்காலைப் பிடிப்பவன் பிறக்கவில்லை என்பார், இரண்டையும் ஒரே மூச்சில். ஓர் அணியே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும் ஆட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வசதி வந்தபின் பங்காளிகளுக்குள் என்ன நடக்கும் என்பதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

மல்யுத்த உலகில் டேன் கேபிளின் கதையை எல்லோரும் சொல்வார்கள். பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 வெற்றிகள்; கல்லூரியின் கடைசி மோதலில், 1970இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 11-13 என்று தோல்வி. அந்த ஒரு தோல்விதான் தன்னை மாற்றியது என்று கேபிளே பலமுறை சொல்லியிருக்கிறார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கினார். பிறகு பயிற்சியாளராக அயோவாவுக்கு 15 தேசியக் கோப்பைகள். இந்தக் கதையில் எல்லோரும் கேபிளைப் பார்க்கிறார்கள். நான் ஓவிங்ஸைப் பார்க்கிறேன். அந்தப் பருவத்தில் எத்தனையோ பவுண்டுகளைக் கரைத்து 142க்கு இறங்கி வந்தவர் அவர், தோற்கடிக்க முடியாதவன் என்று எல்லோரும் சொன்ன ஒருவனோடு மோதுவதற்காகவே. வேறு எடையில் இலகுவாக ஒரு பட்டத்துக்கு முயன்றிருக்கலாம். மிகச் சிறந்தவன் இருக்கும் எடையைத் தேடிப் போனார். எதிராளிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து இல்லை. அதைச் செய்தவர் கேபிளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கமாட்டேன்.