பொய்க்கு விலை கேட்டவர்

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்கப் போனான். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனவனிடம், 'வாய்த்தகராறு, அடிதடி' என்று மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அவன் என்னிடம் கேட்டான்: "அரசியல் சட்டத்த பாபாசாகேப் எழுதுனாரு, சரி. ஆனா ஸ்டேஷன் அவங்க கையில, கோர்ட்டு அவங்க கையில. அந்தப் பொய்யில நான் கையெழுத்துப் போட்டது, பொய்ய ஒத்துக்கிட்ட மாதிரிதானே அண்ணே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் நினைவுக்கு வந்தார்.

1895இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பர். 1917இல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியபோது, கறுப்பர்களுக்கென்று தனியாக அயோவா மாநிலத்தில் நடந்த அதிகாரிப் பயிற்சி முகாமில் சேர்ந்தார். லெப்டினென்ட் ஆனார். உடுப்பு கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. கறுப்புச் சிப்பாய்கள் மீது இராணுவம் எப்படி வழக்கு ஜோடிக்கிறது என்பதை உள்ளிருந்தே பார்த்தார். பிரான்சில் ஒருநாள் அவரையும் கூட இருந்த கறுப்பு அதிகாரிகளையும் அடித்தே கொல்லப் பார்த்தது ஒரு கும்பல். அந்தக் கும்பல் ஜெர்மானியர்கள் இல்லை, சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்கள்! உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காக அந்தச் சட்டத்தைக்கொண்டு சண்டை போடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

1919இல் ஊர் திரும்பினார். அந்தக் கோடையில் வாஷிங்டன் தெருக்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தேடித்தேடி அடித்தன. அதே ஆண்டு ஹார்வர்டில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். அக்கல்லூரிச் சட்ட இதழின் ஆசிரியர் குழுவுக்குத் தேர்வான முதல் கறுப்பர் அவரே. 1929இல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிப் பொறுப்பை ஏற்று, இரவு வகுப்பாக நடந்ததை முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். மாணவர்களைப் பிழிந்தெடுத்தார். அவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 'தனியாக இரு, ஆனால் சமமாக இரு' என்று தீர்ப்பளித்திருந்தது. இது பொய் என்று குழந்தைக்கும் தெரியும். சேரி வேறு, ஊர் வேறு, ஆனால் இரண்டும் சமம் என்று ஒருத்தன் சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? ஹூஸ்டன் சிரிக்கவில்லை. "தனி என்கிறாய். சரி, சமம் எங்கே, காட்டு" என்பதுதான் அவர் கோர்ட்டில் போய் நின்றதன் சாரம். தெற்குக் கரோலினாவுக்குப் போய்க் கறுப்புக் குழந்தைகளின் ஓட்டைப் பள்ளிக்கூடங்களைப் படம் பிடித்து வந்தார். கறுப்பருக்கென்று இன்னொரு சட்டக் கல்லூரி, இன்னொரு மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வொரு மாநிலமும் உண்மையிலேயே சமமாகக் கட்டத் தொடங்கினால் கஜானா தாங்காது என்பது அவர் கணக்கு. பொய்யை மறுப்பதற்குப் பதிலாக அந்தப் பொய்க்கு விலை கேட்டார்.

இது சமரசம் இல்லையா? எனக்கும் நெருடுகிறது. 1938இல் மிசௌரி மாநிலத்துக்கு எதிராக லாயிட் கெய்ன்ஸ் என்ற மாணவருக்காக ஹூஸ்டன் வாதாடி வென்றார். கறுப்பு மாணவரை வேறு மாநிலத்துக்குப் படிக்க அனுப்பிக் கைகழுவ முடியாது, இங்கேயே சமமான கல்வி தர வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். மாநிலம் என்ன செய்தது? அவசர அவசரமாகக் கறுப்பர்களுக்குத் தனிச் சட்டக் கல்லூரி திறந்தது. 'சமம்' கேட்டதால் இன்னொரு 'தனி' முளைத்தது. 1939 மார்ச்சில் சிகாகோவில் கெய்ன்ஸ் காணாமல் போனார். இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வழக்கின் பெயர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, மனிதரைக் காணோம். ஒரு வழக்குக்குப் பின்னால் ஓர் உயிர் நிற்கிறது என்பதை வக்கீலும் மறக்கக்கூடாது, நம்மைப் போன்ற இயக்கத்துக்காரர்களும் மறக்கக்கூடாது.

ஆனாலும் ஹூஸ்டனைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் அவருடைய கடைசி நாட்களில் இருக்கிறது. வாஷிங்டனில் கார்ட்னர் பிஷப் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, கறுப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்காகப் பெற்றோரைத் திரட்டிப் போராடினார். அவர்களுக்காகவும் ஹூஸ்டன் 'சமம்' கேட்டே வழக்கு நடத்திவந்தார். இதயம் கெட்டுப் படுக்கையில் விழுந்ததும், ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் போ என்று பிஷப்பை அனுப்பினார். நாப்ரிட், இனிச் சமம் கேட்க மாட்டேன், 'தனி' என்பதையே எதிர்ப்பேன் என்றார். 1950 ஏப்ரல் 22இல் ஹூஸ்டன் இறந்தார். வயது 54. 1954 மே 17இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ஷல் வாதாடிய வழக்கும் நாப்ரிட் நடத்திய வழக்கும் ஒரே நாளில் வென்றன. அதைப் பார்க்க ஹூஸ்டன் இல்லை.

எதிராளியின் பொய்யை ஏற்பதுபோல் நின்று வாதாடுவது எப்போது நியாயம்? அந்தப் பொய்யைக் கட்டிக்காக்கும் செலவு சொன்னவன் தலையில் ஏற வேண்டும். நமக்குப் பின்னால் வருகிறவர் அதைத் தூக்கியெறியும் பலத்தோடு வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சமரசம் வெறும் பணிவு. ஹூஸ்டன் அந்த இரண்டையும் செய்தார். வழக்குகளைவிட வக்கீல்களை அதிகமாக உருவாக்கினார்.

ஹூஸ்டன் ஹார்வர்டில் படித்த அதே ஆண்டுகளில்தான் பாபாசாகேப் லண்டனில் சட்டம் படித்தார். சுபேதார் ராம்ஜியின் மகனுக்கும் உடுப்பு தரும் மரியாதையின் எல்லை தெரியும். 1946இல் கறுப்பு அறிஞர் டுபாய்சுக்கு அவர் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். இரண்டு கண்டங்களிலும் நம்மவர்கள் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

தம்பியிடம் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டது தப்பில்ல. போட்டுட்டு வீட்ல உக்காந்தாதான் தப்பு. அந்த ரசீத எடு." அதில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, முத்திரை இருந்தது. அவன் அன்று அங்கே போனான் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ரசீதை இணைத்து எஸ்.பி.க்கு மனு எழுதினோம். எழுதியவன் அவன்தான். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

அடுத்த வருஷம் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறானாம்.