படைத்தவரைத் தேடும் பாத்திரங்கள்

‘தி சிம்ப்சன்ஸ் கேம்’ 2007இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீடியோ கேம். 1989 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிவரும் கார்ட்டூன் தொடரின் குடும்பமே இதிலும் வருகிறது: ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா, மேகி. பிற விளையாட்டுகளையும் படங்களையும் பகடி செய்வதுதான் இதன் முதல் வேலை. ஆனால் அந்தப் பகடிகள் படிப்படியாக மேலேறி, சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்றில் போய் முட்டுகின்றன: உலகைப் பார்த்து அதைப் படைத்தவரை அறிய முடியுமா? அறிந்தால், அவரிடம் எதைக் கேட்கலாம்?

கதை ஒரு கையேட்டில் தொடங்குகிறது. வானத்திலிருந்து விழுந்த விளையாட்டுக் கையேடு பார்ட் கையில் கிடைக்கிறது. அதைப் படித்துத்தான் தங்களுக்குச் சிறப்புச் சக்திகள் இருப்பதைக் குடும்பத்தார் அறிகிறார்கள். பிறகு வரும் கட்டங்கள் பெயரிலேயே பகடியைச் சுமக்கின்றன. ‘மெடல் ஆஃப் ஹோமர்’ அதே நிறுவனத்தின் ‘மெடல் ஆஃப் ஹானர்’ போர் விளையாட்டைக் கிண்டல் செய்கிறது. ‘கிராண்ட் தெஃப்ட் ஸ்கிராட்சி’ கார் திருட்டு விளையாட்டான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வை. இன்னொரு கட்டத்தின் பெயர் ‘ஆசிரியரைத் தேடும் ஐந்து பாத்திரங்கள்’. இது இத்தாலிய நாடகாசிரியர் பிரான்டெல்லோ எழுதி 1921இல் மேடையேறிய, ஆறு பாத்திரங்கள் ஓர் ஆசிரியரைத் தேடிவரும் நாடகத்தின் பெயரைத் தழுவியது.

இவற்றுக்கு நடுவே சிறுசிறு கேலிகள் சிதறிக் கிடக்கின்றன. உடைக்கச் சொல்லி நிற்கும் மரப்பெட்டி, நடுவானில் இரண்டாம் முறை எழும்பும் தாவல், கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஆகியவை எதிர்ப்படும்போது, தொடரில் வரும் காமிக்ஸ் கடைக்காரர் தோன்றி ‘இது எல்லா விளையாட்டிலும் உள்ள தேய்ந்த வழக்கம்’ என்ற தோரணையில் குறை சொல்கிறார். தடுப்புக்கு அப்பால் போக முடியாமல் இருப்பது அந்த உலகின் இயற்கை விதி. அதைச் சுட்டிச் சிரித்தவுடன் விதிக்குப் பின்னால் அதை விதித்த ஒருவர் தெரியத் தொடங்குகிறார்.

படைத்தவர் தாமே தம்மைக் காட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. வீடியோ கேமில் ஒளித்துவைக்கும் வேடிக்கையை ‘ஈஸ்டர் எக்’ என்பார்கள். அடாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் வடிவமைப்பாளர்களின் பெயரைப் போடாத காலத்தில், ‘அட்வென்ச்சர்’ விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட் அதற்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டித் தன் பெயரை எழுதிவைத்தார். அறையைக் கண்டுபிடித்த ஆட்டக்காரருக்கு உலகைச் செய்தவர் யாரென்று தெரிந்துவிடும். 1641இல் வெளியான ‘தியானங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் தத்துவவாதி டேக்கார்ட் ஏறக்குறைய இதையே வாதமாக வைத்தார்: கைவினைஞன் தன் பொருளில் முத்திரை பதிப்பதுபோல, கடவுள் தம்மைப் பற்றிய எண்ணத்தை மனித மனத்தில் பதித்திருக்கிறார்.

ராபினெட்டின் அறையில் பெயர் எழுதியிருந்தது. உலகின் முத்திரையில் பெயர் இல்லை. தத்துவவாதி டேவிட் ஹியூம் இறந்த பிறகு 1779இல் வெளிவந்த ‘இயற்கைச் சமயம் குறித்த உரையாடல்கள்’ இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொள்கிறது. குறையுள்ள படைப்பிலிருந்து குறையற்ற ஒரே படைப்பாளரை எப்படி ஊகிப்பது? பல தெய்வங்கள் சேர்ந்து செய்திருக்கலாம். ஒரு குழந்தைத் தெய்வம் கற்றுக்கொள்ளும் முயற்சியில் செய்து எறிந்ததாகவும் இருக்கலாம் என்கிறது அந்நூல்.

விளையாட்டின் கதை ஹியூமின் ஐயத்தை ஏணியாக்குகிறது. குடும்பத்தார் முதலில் தங்களைப் படைத்த மேட் கிரோனிங்கிடம் போகிறார்கள். நிஜ கிரோனிங்கே குரல் கொடுத்த பாத்திரம் அது. அவர் தமது இன்னொரு தொடரான ‘ஃப்யூச்சராமா’வின் பாத்திரங்களை அவர்கள்மீது ஏவுகிறார். அடுத்த படி சொர்க்கம். அங்கே கடவுள் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறார். கையேட்டைத் தவறி விழவிட்டவர் அவரே. குடும்பத்தாரிடம் தோற்றதும் அவர்கள் ஊரைச் சீராக்கவும், எல்லா வீடியோ கேம் பாத்திரங்களின் பணி நிலைமையை மேம்படுத்தவும் வாக்களிக்கிறார். அப்போது ஹோமர், கடவுளும் ஒரு விளையாட்டின் பாத்திரமாக இருக்கலாமே என்று கேட்க, கடவுள் கலங்குகிறார். கடைசிக் காட்சியில் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பவன் ரால்ஃப் விக்கம், ஊரிலேயே மிக வெகுளியான சிறுவன். அவனும் திரையை நோக்கி, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று திகைக்கிறான்.

இப்படி முடிவின்றி மேலேறுவதை இந்தியத் தர்க்கநூலார் அநவஸ்தை என்னும் குற்றமாகக் கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் காரணத் தொடர் எங்கோ நின்றாக வேண்டும், நிற்கும் இடமே கடவுள் என்றார். விளையாட்டு அந்தத் தொடரை நிறுத்த மறுத்து, ஆடுபவரையும் அதில் ஒரு படியாக்குகிறது.

படைப்பே ஆட்டம் என்பது வேதாந்தத்துக்குப் புதிதல்ல. பிரம்ம சூத்திரம் (2.1.33) படைப்பை லீலை என்கிறது. எல்லாம் நிறைந்த அரசன் தேவை எதுவுமின்றி விளையாடுவது போன்றது அது என்று சங்கரர் விளக்குகிறார். அடுத்த சூத்திரமே அதன் மறுப்பை எதிர்கொள்கிறது: ஒருவர் ஆட, மற்றவர் துன்புறுவதா? இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் இல்லை, உயிர்களின் வினையே ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்பது அங்கே தரப்படும் விடை. சிம்ப்சன் குடும்பத்துக்கு அந்த விடை கிடைப்பதில்லை. அவர்கள் படும் பாட்டுக்கு முன்வினை இல்லை, ஆடுபவரின் பொழுதுபோக்குதான் காரணம். ஆகவே அவர்கள் விளக்கத்தைக் கேட்காமல் பரிகாரத்தைக் கேட்கிறார்கள்.

கதையில் கடவுளின் வாக்குறுதி முதலில் வருகிறது, ஹோமரின் ஐயம் பின்னால்தான் வருகிறது. கடவுளுக்கு மேலே இன்னொருவர் இருப்பது தெரிந்தபின்னும் அந்த வாக்குறுதி ரத்தாவதில்லை. உச்சியில் இருப்பவர் யார் என்ற கேள்வி தீராவிட்டாலும், ஒவ்வொரு படியில் இருப்பவரும் தமக்குக் கீழே உள்ளவருக்குக் கடமைப்பட்டவரே என்பது இந்தப் பகடிகளிலிருந்து பெறக்கூடிய விடை.