வெளியே போகும் சூடு

எங்கள் வீட்டு ஏர்கோனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது குளிராமல் போய்விடும். அப்பா போன் பண்ணுவார், ஆள் வருவார், மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "கேஸ் கொறைஞ்சிருக்குங்க" என்பார். டாப்-அப் பண்ணிவிட்டு நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வாங்கிக்கொண்டு போவார். மறு வருடமும் அதே. அதற்கு அடுத்த வருடமும் அதே.

நான் மெக்கானிக்கல் என்ஜினியர். நன்யாங்கில் நான்கு வருடம் படித்தவன். வெப்ப இயக்கவியலில் என்ன கிரேடு என்று கேட்காதீர்கள். ஆனாலும் ஒரு எளிய விஷயம் எனக்கு உறைக்க மூன்று டாப்-அப் தேவைப்பட்டது. ஏர்கோனுக்குள் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே வாயுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. ஒழுகலை அடைக்காமல் டாப்-அப் பண்ணினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். தண்ணீர் போவது தரைக்கு, இது போவது வானத்துக்கு.

எங்கள் பழைய சிஸ்டம் 3-க்குள் இருந்தது ஆர்410ஏ. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்410ஏ, 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக பூமியைச் சூடேற்றும். சிங்கப்பூரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வகுத்துப் பாருங்கள், 5,000 யூனிட்டுக்கு மேல் வரும். எங்கள் நாலறை வீட்டுக்கு மாதம் 400 யூனிட் ஆகிறது. அதாவது ஒரு கிலோ வாயு ஒழுகினால் ஒரு வருடக் கரண்டு. "ரூம்ல யாரும் இல்ல, லைட்டு எரியுது பாரு" என்று அப்பா என் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போட்ட சத்தத்தையெல்லாம் அந்த ஓட்டை சத்தமில்லாமல் தின்றுவிட்டது.

ஆக, மாற்றுவது என்று முடிவானது. மாற்றுவதா, இல்லாமலே இருப்பதா என்ற கேள்வியை நான்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எடுத்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். டாங்கிக்குள் இறங்கி வெல்டிங் செய்கிறவருக்கு வெளியே இருக்கும் 33 டிகிரியே குளுமையாகத் தெரியும். பாதி நாள் இரவு வேலை, பகலில் தூக்கம். மேற்கு பார்த்த அறையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வியர்வையில் புரண்டுகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்கு முதல் ஏர்கோன் வந்தது அவருக்காகத்தான்.

"நான் நின்ன சூட்டுக்கு, இந்தக் குளிரு ஒண்ணும் பெருசு இல்லடா" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசவும் முடியாது. ஏர்கோனை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள். லீ குவான் இயூ இதை மாபெரும் கண்டுபிடிப்பாகக் கருதினார். பிரதமரானதும் முதல் காரியமாக அரசு அலுவலகங்களில் பொருத்தச் சொன்னதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வெப்பமண்டலத்தில் மூளையை ஓட்ட குளிர் வேண்டும் என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூளை மட்டும்தான் கணக்கில் வந்ததா என்று கேட்கலாம். கேட்டுவிட்டுத் தாண்டிப் போகிறேன்.

இன்னொன்று, எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். வில்லிஸ் கேரியர் 1902-ல் இதை வடிவமைத்தது மனிதர்களுக்காகவே இல்லை. புரூக்லினில் ஒரு அச்சகம். ஈரப்பதத்தில் காகிதம் ஊதிச் சுருங்கியதால் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அந்தக் காகிதத்துக்காகச் செய்த ஏற்பாடு. மனிதர்களுடைய முறை அப்புறம்தான் வந்தது.

பெயரைக் கேட்டால் குளிரைத் தயாரிக்கிற இயந்திரம் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது எதையும் தயாரிப்பதில்லை, சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. 9,000 பிடியு அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதை எடுக்க முக்கால் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் தின்னும். இரண்டும் சேர்ந்து வெளியே போகும். உள்ளே குறைந்ததைவிட வெளியே கூடியது எப்போதும் அதிகம். எத்தனை டிக் வாங்கிய மாடலாக இருந்தாலும் இதிலிருந்து தப்பமுடியாது. ஓர் அறைக்கு இரண்டு ஹேர் டிரையரை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

எங்கள் ஹேர் டிரையர்கள் ஊதுவது சமையலறைப் பக்கத்து லெட்ஜில். சூடான காற்று மேலே ஏறும். மேல்மாடியில் ஒரு மக்சிக் தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் ஏர்கோன் இல்லை, இரண்டு ஃபேன்தான். இரவு பத்து மணிக்கு மேல் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவதாக ஒருமுறை லிஃப்டில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். புகாராகச் சொல்லவில்லை. மழை வருது, துணியை எடுத்துட்டேன் என்கிற குரலில் சொன்னாராம்.

இதை நான் அறிந்த பிறகும் ஏழெட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1984-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கற்பனை வருகிறது. ஆயிரம் பேரைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். செய்பவர்களும் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் ஒரு பட்டனை அழுத்துகிறார். அந்த ஒரு அழுத்தலில் கட்டப்பட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் வலி துளியூண்டு, உணரவே முடியாத அளவு, கூடுகிறது. ஆயிரம் பட்டனும் அழுத்தப்பட்டு முடிந்தால் தாங்கமுடியாத வலி. ஆனால் "என்னால் யாருக்கும் வலிக்கவில்லை" என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லலாம். பார்ஃபிட் அதை ஏற்கவில்லை. தனியாகப் பார்த்தால் தெரியாத தீங்கும், சேர்ந்து செய்யும்போது தீங்குதான் என்பது அவர் பக்கம்.

ஏர்கோன் விஷயத்தில் இந்தக் கற்பனை அப்படியே பொருந்துகிறது என்று எனக்குப் பட்டது. கொஞ்ச நாள் இதை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. ஒழுகிய வாயுவுக்கு இது பொருந்தும். அதன் பலனை அனுபவிப்பவர் யார், எந்த ஊரில், எந்த வருடத்தில் என்று எவராலும் காட்டமுடியாது. மக்சிக்குக்கு இது பொருந்தாது. அங்கே ஆயிரம் பேர் இல்லை. ஒரு கம்ப்ரஸர், ஒரு ஜன்னல், ஓர் அம்மா. இவ்வளவு கிட்டத்தில் இருப்பதைப் பார்க்காமல் நான் வளிமண்டலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வளிமண்டலத்தைப் பற்றி யோசிப்பது சுகமாகவும் இருந்தது. அது லிஃப்டில் எதிரே வந்து நிற்காது.

புதியதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் ஹாலுக்கு 24,000 பிடியு போடச் சொன்னார். "பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும் சார்." குளிரும். ஆனால் தேவைக்கு மீறிப் பெரிதானால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்க நேரம் கிடைக்காது. சில்லென்றும் இருக்கும், நசநசவென்றும் இருக்கும். நம் ஊரில் பாதி வேலை ஈரத்தை எடுப்பதுதான். அறையின் அளவு, மேற்கு வெயில், படுப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, படுக்கையறைகளுக்கு 9,000 பிடியுவே போதும் என்றேன். அப்பா அறைக்கு மட்டும் 12,000. ஹாலுக்கு வேண்டாம், ஃபேன் போதும். பாட்டிக்கு இந்த முடிவில் பெரிய சந்தோஷம். ஏர்கோன் காற்று பட்டால் முட்டி குடைகிறது என்று அவர் கட்சி.

வாயு ஆர்32. சிங்கப்பூரில் 2022 அக்டோபரிலிருந்து, வெப்பமூட்டும் திறன் 750-க்கு மேல் இருக்கும் வாயுவை வைத்து வீட்டு ஏர்கோன் விற்க முடியாது. ஆர்32-க்கு அது 675. இந்த இடத்தில் எனக்குத் தேர்வே இல்லை, அதில் எனக்கு நிம்மதிதான். சில விஷயங்களில் மனிதர்களின் நல்ல மனசை நம்பாமல் கடையிலேயே தடுத்துவிடுவது நல்லது. வெளி அலகின் காற்றை மேலே ஏறவிடாமல் நேராக வெட்டவெளிக்குத் திருப்பும் டிஃப்ளெக்டர் ஒன்றும் வாங்கினேன். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி.

பொருத்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அறந்தாங்கிப் பக்கம், வயது முப்பத்தைந்து இருக்கும். இன்னொருவர் பங்களாதேஷ் தம்பி. வந்ததும் அண்ணன் லெட்ஜ் பக்கம் போனார், ஆலன் கீயை எடுத்தார், பழைய அலகின் இணைப்பைக் கழற்றப் போனார்.

"அண்ணே, கேஸ உள்ள இழுத்துட்டுக் கழட்டலாமே, பம்ப் டவுன்?"

அவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டுக்காரப் பையனுக்கு எப்படித் தெரியும் என்பது போல. திரவக் குழாயின் வால்வை மூடிவிட்டு கம்ப்ரஸரை ஓடவிட்டால் வாயு முழுவதும் வெளி அலகுக்குள் வந்து சேரும். பிறகு அடுத்த வால்வையும் மூடிவிட்டுக் கழற்றலாம். காற்றில் விடவேண்டியதில்லை.

"செய்யலாம் தம்பி. அரை மணி நேரம் ஆவும். இன்னிக்கு நாலு வீடு."

"பரவால்லண்ணே, எங்களுக்கு அவசரம் இல்ல."

எங்களுக்கு அவசரம் இல்லை. இந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வால்வை மூடினார். பழைய கம்ப்ரஸர் முக்கி முனகி ஓடியது. அந்த நேரத்தில் அவர் டிரங்கிங்கைப் பிரித்தார், ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை. பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. மறுமுனையில் யாரோ சத்தம் போட்டார்கள், எனக்கே கேட்டது. "முடிஞ்சிருச்சு பாஸ், ட்வென்டி மினிட்ஸ்" என்றார். எதற்குத் தாமதம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் திட்டு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா சாப்பிடச் சொன்னாள். நேரமில்லை என்றார்கள். லோரியில் சாப்பாடு இருக்கிறது, அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். டோர்மில் ஏர்கோன் உண்டா என்று அப்பா கேட்டார், சும்மா பேச்சுக்கு. "இல்லீங்கய்யா. ரூமுக்குப் பன்னெண்டு பேரு, ஃபேன்தான்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சூட்டில் நின்றதற்குக் கூலி குளிர் என்ற அவருடைய கணக்கு என் மனசில் அந்த நேரத்தில் ஓடியது. அவர் மனசிலும் ஓடியிருக்கலாம்.

நான் ஒரு வருடக் கரண்டுக்குச் சமமான வாயுவை வானத்துக்குப் போகவிடாமல் பிடித்தேன் என்று எக்செல்லில் எழுதலாம். அதற்காக நான் கொடுத்தது ஒரு வாக்கியம். அவர் கொடுத்தது மத்தியானச் சாப்பாடு, ஒரு திட்டு. ஏர்கோன் செய்வதும் இதேதான், வீட்டுக்குள் இருப்பதை இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவது. என் நியாயத்தையும் நான் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். அப்படியானால் கேட்காமலே இருந்திருக்க வேண்டுமா? அப்படியும் தோன்றவில்லை. முன்பே கம்பெனிக்குப் போன் பண்ணி, பம்ப் டவுனுக்கு நேரம் ஒதுக்குங்கள், அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கலாம். மூவாயிரம் கொடுக்கிறவன் இன்னொரு ஐம்பது கொடுத்திருப்பேன். நல்லது செய்வதற்கும் அட்வான்ஸ் புக்கிங் வேண்டியிருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவருடைய நேரத்துக்கு விலை உண்டு என்பதே அந்த நேரம் வரைக்கும் என் கணக்கில் ஒரு கட்டமாக இல்லை.

பழைய அலகை லிஃப்டுக்குள் ஏற்றும்போது, ஒரு காகிதத்தில் ஆங்கிலத்தில் "உள்ளே கேஸ் இருக்கிறது, குழாயை வெட்டாதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"காராங்குனிக்காரன் இதெல்லாம் படிச்சுக்கிட்டா செம்பை வெட்டுவான், தம்பி?"

லிஃப்ட் மூடிக்கொண்டது.

புது ஏர்கோன் நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லை. 25-ல் வைத்து ஃபேனும் போட்டுக்கொள்கிறோம். அப்பா 23-ல் வைக்கிறார், நான் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து லிஃப்டில் மக்சிக்கைப் பார்த்தேன். டிஃப்ளெக்டர் வேலை செய்கிறதா, இப்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். புது ஏர்கோன் எவ்வளவு ஆனது, ஆட்கள் நன்றாகச் செய்தார்களா என்று விசாரித்தார். அடுத்த மாதம் பேரக் குழந்தை வந்து தங்கப் போகிறதாம், ஓர் அறைக்காவது போட்டுவிடலாம் என்று மகன் சொல்கிறானாம்.

போனை எடுத்து நம்பரைக் கொடுத்தேன். கூடவே, பழைய அலகு எதுவும் கழற்ற வேண்டியதில்லை என்பதால் நேரம் அதிகம் ஆகாது என்றும் சொன்னேன். அவருக்கு மேலே பதினோராம் மாடியில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சின்னச் சைக்கிள் வாசலில் நிற்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.